வடிநீர்த் தொட்டி

ஜனவரி 5

வந்து சேர்ந்துவிட்டேன். ஈரோட்டிலிருந்து ஆலை ஜீப். வழியெல்லாம் கரும்பு லாரிகள். ஒன்றைக்கூட முந்த முடியவில்லை. ஆலை பவானி ஆற்றை ஒட்டி இருக்கிறது. பக்கத்திலேயே சர்க்கரை ஆலை. அங்கே பிழிந்து போடும் சக்கை இங்கே காகிதமாகிறது. வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது சக்கை மலைதான். அதன் உச்சியில் ஒரு புல்டோசர் பொம்மை போல ஊர்ந்துகொண்டிருந்தது.

விருந்தினர் விடுதியில் மாடி அறை. ஜன்னல் ஆற்றைப் பார்த்திருக்கிறது. இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். ஒன்றை எடுத்துவிடச் சொன்னேன்.

அரவை சீசன் முடியும்வரை இங்கேதான். பெங்களூரில் எங்கள் அலுவலகத்தில் யார் போகிறீர்கள் என்று கேட்டபோது நான்தான் முதலில் கையைத் தூக்கினேன்.

ஜனவரி 7

காலையில் ஜி.எம். ரங்கநாயகத்தின் அறையில் கூட்டம். நான் விளக்கியது இவ்வளவுதான்: சக்கையைக் காரத்தில் வேகவைத்தால் பழுப்பாகக் கூழ் வரும். அதை வெளுக்க இங்கே இன்னமும் குளோரின் வாயு. எங்கள் கம்பெனி தயாரிக்கும் நொதியை, அதாவது என்சைமை, முன்னதாகக் கொடுத்தால், நாரின் மேல் படிந்திருக்கும் பசையை அது தளர்த்திவிடும். பழுப்பு சுலபமாகக் கழலும். குளோரின் குறைவாகப் போதும். நொதி விலை கூடியது என்பதுதான் சிக்கல். ஆனால் நொதி வேலை செய்து தீர்ந்துபோகிற பொருள் அல்ல. வேலை முடிந்ததும் பெரும்பகுதி தண்ணீரில் சும்மா மிதக்கும். கூழைப் பிழிந்து அந்த வடிநீரைப் பிடித்து, புதுக் கூழில் விட்டால் மறுபடி நாரைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படித் திரும்பத் திரும்ப வேலை வாங்கலாம். அதைச் செய்து காட்டத்தான் வந்திருக்கிறேன்.

ரங்கநாயகம் சிரித்தார். "பிழிஞ்ச சக்கையை நாங்க திரும்பப் பிழியறோம். நீங்க அந்தத் தண்ணியையும் திரும்பக் கேக்கறீங்க. சரி, மார்ச் கடைசி வரைக்கும் பாருங்கம்மா. மருந்து திரும்பி வந்தா தொடரலாம். வரலேன்னா பழையபடி குளோரின்தான்."

இங்கே எல்லோரும் நொதியை மருந்து என்றுதான் சொல்கிறார்கள்.

வெளுப்புப் பிரிவின் பொறுப்பாளர் நாச்சிமுத்து என்பவர் என்னைச் சுற்றிக் காட்டினார். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. ஒரு வாக்கியம் முடிவதற்குள் ஓர் இருமல். குளோரின் குழாய்கள் போகிற சந்தில் சட்டென்று நின்று என் முகத்தையே பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்களா?" என்றார்.

"என்ன ஒண்ணுமில்ல?"

"இல்லீங்க, சும்மாத்தான்." தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். திரும்பி வரும்போது பார்த்தேன், அதே இடத்தில் ஒரு பிட்டர் ஸ்பானரோடு உட்கார்ந்து குழாய் மூட்டு ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தான்.

குளோரினே அவருடைய ராஜ்யம். அதைக் குறைக்க வந்தவளை எப்படிப் பிடிக்கும்?

ஜனவரி 9

மெஸ்ஸில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டதாம். பெரிய ரகளை. இரண்டு பேர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். நான் முழுவதும் சாப்பிட்டேன். எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 14

பொங்கல். ஆலை ஓடுகிறது, அலுவலகம் இல்லை. விடுதியில் நான் மட்டும். கீழே சமையல்காரர் ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நெய் ஆறி வெள்ளையாகக் கட்டியிருந்தது.

செல்வக்கனி அக்கா திசையன்விளையிலிருந்து பேசினாள்.

"ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா அங்க தனியா என்னத்தப் பண்ணுத? பேசாம கெளம்பி வந்துரு. பிள்ளைய எல்லாம் சித்திய எங்கன்னு கேக்குதுவ."

"வேலை இருக்குக்கா."

"படத்துக்கு மாலை போட்டியா?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் துணி துவைத்தேன். தலையணை உறைகூட.

ஜனவரி 20

முதல் நொதி போட்டாயிற்று. கூழின் காரத்தை அமிலம் விட்டுக் குறைத்து, கூழைத் தேக்கும் கோபுரத்தில் கதகதப்பாக வைத்து, நொதியை ஊற்றிக் காத்திருந்தோம். பிழிந்தபின் கூழைக் கையில் எடுத்தேன். பழுப்பு தெளிவாக இளகியிருக்கிறது. குளோரின் குறைவாகவே போனது.

பிழிந்து வந்த வடிநீரைப் பழைய இரும்புத் தொட்டி ஒன்றில் பிடித்து வைத்திருக்கிறோம். அடுத்த தடவை சக்கைக் கூழ் ஓடும்வரை அது அங்கே காத்திருக்கும். இடையில் இங்கே மரக்கூழும் ஓட்டுகிறார்கள். அவர்கள் முறையை நான் மாற்ற முடியாது.

ஆய்வகத்தில் ருக்மணி என்ற பெண் எனக்கு உதவி. வேதியியல் படித்தவள், கோபிசெட்டிபாளையத்துக்காரி. ஆலையின் இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர இருக்கும் ஒரே பெண். சுறுசுறுப்பு. ஆனால் என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

ஜனவரி 28

காத்திருந்த வடிநீரைப் புதுக் கூழில் விட்டோம். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏதோ கொஞ்சம்.

சோதனைக் குழாயில் நொதி உயிரோடு இருந்தால் கரைசல் செங்கல் நிறத்துக்குப் போகும். இன்று வந்தது வெளிறிய மஞ்சள். காய்ச்சல்காரனின் கண் மாதிரி.

பிப்ரவரி 3

நாச்சிமுத்து என்னைப் பின்தொடர்கிறார். வெளுப்புக் கூடத்துக்குள் நான் கால் வைத்தால் எங்கிருந்தாவது வந்து பத்தடி தள்ளி நின்றுகொள்கிறார். கேட்டால், வால்வு பார்க்கிறேன், மானி பார்க்கிறேன் என்கிறார். நான் என்ன எழுதிக்கொள்கிறேன் என்று மேலிடத்துக்குச் சொல்கிறாரோ என்னவோ. சொல்லட்டும்.

பிப்ரவரி 6

மறுபடி முயன்றோம். முன்னைவிட மோசம். நொதி நாரிலேயே ஒட்டிக்கொண்டு தண்ணீருக்கு வராமல் போகிறதா என்று பார்த்தேன். இல்லை, பிழிந்த உடனே எடுத்த வடிநீரில் நன்றாகவே இருக்கிறது. தொட்டியில் காத்திருந்த பிறகுதான் செத்துப்போகிறது. தொட்டித் தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அமிலம் விடும் பம்ப் அதிகமாக விடுகிறது என்று நினைக்கிறேன். பம்பைக் கழற்றச் சொன்னேன். அதில் பழுது ஒன்றுமில்லை என்றார்கள். திரும்பவும் கழற்றச் சொன்னேன்.

பிப்ரவரி 11

இன்று ருக்மணியிடம் "பிப்பெட்" என்றேன். வேறு யாரிடமும் எதுவும் பேசவில்லை. அது பேச்சில் சேருமா தெரியவில்லை.

பிப்ரவரி 15

காலையில் வெளுப்புக் கூடத்தில் கூழ் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். கழுவும் உருளைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எப்போது போனார்கள் என்று கவனிக்கவில்லை. இயந்திரச் சத்தத்தில் யாரோ கத்தியது போல இருந்தது. கண் எரிந்தது. கூழில் இருக்கும் காரம் தெறித்திருக்கும் என்று நினைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் நாச்சிமுத்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். மாதிரி வாளி கவிழ்ந்தது. என் செருப்பு ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது. வெளியே வேப்பமரத்தடியில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று என்னைப் பார்த்தார்கள். நான் அவர் கையை உதறினேன். "என்ன சார் இது?" என்று கத்தினேன். அவர் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார், வால்வை மூட.

குளோரின் கசிவு. சுவரில் இருக்கும் எச்சரிக்கைக் கருவி அலறவே இல்லை. முகமூடிக் கவசம் பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி யாரிடம் என்று தெரியவில்லை.

வால்வை மூடிவிட்டார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார்.

எனக்குத் தொண்டைக் கரகரப்பு மட்டும். எனக்கும் தெரிந்திருக்கும். இன்னும் ஒரு நிமிஷத்தில் நானே வெளியே வந்திருப்பேன்.

பிப்ரவரி 16

நாச்சிமுத்து ஈரோட்டில் ஆஸ்பத்திரியில். மூச்சுக்குழாயில் புண் என்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை.

செருப்பைக் கொண்டுவந்து என் அறை வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கழுவி.

பிப்ரவரி 19

பார்க்கப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். அவர் மனைவி சரசாத்தாள் எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஃபிளாஸ்க்கில் காபி வாங்கப் போனார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அன்னிக்குக் கத்திட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க." மூச்சு வாங்கிக்கொண்டு, "மேடத்துக்கு வாசம் தெரியாதுங்களா?" என்றார்.

"ஜலதோஷம்."

"மொத நாளே பாத்தனுங்க. அந்தச் சந்துல மூட்டு லேசாக் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்கே கண்ணுல தண்ணி. நீங்க பாட்டுக்கு நின்னு எழுதிக்கிட்டிருந்தீங்க."

"ஜலதோஷம் அப்பவே இருந்தது சார்."

அவர் தலையை ஆட்டினார். நம்பியவர் ஆட்டுகிற மாதிரி இல்லை. காபி வந்தது. சூடாக இருந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தது வால்வைப் பார்க்க அல்ல.

பிப்ரவரி 24

மூன்றாவது முயற்சியும் போயிற்று. ரங்கநாயகம் கூப்பிட்டார். "ஒரு தடவை போட்டா வேலை செய்யுது, ஒத்துக்கறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா ஊத்தறதுக்கு இந்த ஆலை தாங்காதும்மா." கசிவைப் பற்றிக் கேட்டேன். புது எச்சரிக்கைக் கருவிக்குச் சொல்லியிருக்கிறதாம். குளோரின் இருக்கிறவரை கசிவும் இருக்கும், என்ன செய்ய என்றார்.

அறைக்கு வந்து ஜன்னலில் உட்கார்ந்தேன். ஆற்றில் ஒருவன் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அது கரையேறிப் போனபின்பும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 2

காகிதம் வாங்க வந்த சில பேரை ரங்கநாயகம் ஆலைக்குள் அழைத்து வந்தார். வடிநீர்த் தொட்டி அருகே வந்ததும் எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் மூக்குக்குப் போனது. ஒருவர் குமட்டிக்கொண்டு திரும்பி நடந்தார்.

"என்னம்மா இது, இப்படி நாறுது?" என்றார் ரங்கநாயகம்.

"அது அப்படித்தான் சார் இருக்கும்" என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில். இப்படிச் சொல்லப் பழகிவிட்டேன். யாராவது வாசனை என்றால் ஆமாம் என்பேன், நாற்றம் என்றாலும் ஆமாம் என்பேன். மூன்று வருஷமாக இதில் எனக்கு நல்ல தேர்ச்சி.

அவர்கள் போனபிறகு தொட்டியின் மூடியைத் திறந்து குனிந்தேன். முகத்தை உள்ளேயே விட்டேன். ஒன்றுமில்லை. வெதுவெதுப்பு மட்டும்.

நொதி என்பது புரதம். எங்கள் நொதிக்கு வாசனை கிடையாது. லேசாக ஈஸ்ட் மாதிரி இருக்கும், அதுவும் பாட்டிலில். நாறுகிறது என்றால் தொட்டி அழுகுகிறது. சக்கையிலிருந்து கழன்ற சர்க்கரையும் வெதுவெதுப்பும் சேர்ந்து கிருமிக்கு விருந்து. அவை சர்க்கரையைத் தின்று தண்ணீரைப் புளிக்கவைத்து, போதாததற்கு என் நொதியையும் தின்றுகொண்டிருக்கின்றன. பம்ப் ஒரு பாவமும் செய்யவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். மூக்கு இருந்தால் போதும்.

மார்ச் 3

ருக்மணியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"தொட்டி எப்ப இருந்து நாறுது?"

"பொங்கல் கழிஞ்சு மருந்து போட்டமில்லைங்க, அந்த வாரத்துல இருந்தேங்க மேடம்."

"ஏன் சொல்லல?"

அவள் விழித்தாள். "மருந்தோட வாசமே அப்படித்தானாக்கும்னு நெனச்சமுங்க. நீங்க அதும் பக்கத்துலயே நின்னு வேலை செய்யறீங்க, மொகத்தக்கூடச் சுளிக்க மாட்டீங்க. ஷிப்டு ஆளுங்கெல்லாம் பேசிக்குவாங்க, மேடம் எப்படித்தான் தாங்கறாங்களோன்னு. உங்ககிட்ட வந்து அதயெல்லாம் எப்படிங்க சொல்றது? நீங்க எங்கூடப் பேசறதே இல்லீங்களே."

நியாயம்தான்.

"ருக்மணி, எனக்கு வாசனை தெரியாது" என்றேன். இதை இன்னொரு மனுஷிக்கு முன்னால் சொல்வது முதல் தடவை. அக்காவுக்குக்கூடத் தெரியாது.

"அய்யோ. எப்ப இருந்துங்க?"

"அந்தக் காய்ச்சல் வந்த வருஷம். மூணு வருஷமாச்சு."

"வீட்ல எல்லாருக்கும் வந்துச்சுங்களா?"

"வீட்ல நாங்க ரெண்டே பேர்தான். ரெண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸ்ல கொண்டு போனாங்க. நான் திரும்பி வந்தேன்."

ருக்மணி இப்போது உட்கார்ந்தாள்.

எங்கள் கம்பெனி விதி: வாசனை தெரியாதவர்கள் ஆலைத் தளத்தில் வேலை செய்யக் கூடாது. தளம் இல்லையென்றால் பெங்களூர் அலுவலகம். அலுவலகம் என்றால் தினமும் மாலையில் அந்த வீட்டின் பூட்டைத் திறக்க வேண்டும். அதனால்தான் கையைத் தூக்கினேன். ஒவ்வோர் ஆலைக்கும் தூக்கினேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 4

நாச்சிமுத்து வீட்டுக்கு வந்துவிட்டார். போய்ச் சொன்னேன், ஜலதோஷம் இல்லை என்று.

"தெரியுமுங்க" என்றார்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல? உங்களுக்கு இப்படி ஆனப்புறமும்?"

அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நெஞ்சு ஏறி இறங்கியது.

"சொன்னா உங்களைத் திருப்பி அனுப்பிச்சுருவாங்க. நீங்க போயிட்டா மருந்து போயிரும். அப்புறம் அதே குளோரின்தானுங்களே. இருவத்தேழு வயசுல இந்தக் கூடத்துக்குள்ள வந்தேன். என் கூட வந்தவங்க பாதிப்பேரு நெஞ்சு கெட்டு வீட்ல கெடக்கறாங்க. நீங்க வந்தன்னிக்கு எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன், ஒரு மேடம் வந்துருக்காங்க, இந்தச் சனியன் ஒழியப்போகுதுன்னு."

நான் அவரைப் பற்றி என்னவெல்லாம் எழுதினேன் என்று முன் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க மனம் வரவில்லை.

மார்ச் 6

தொட்டியைக் காலி செய்தோம். உள்ளே சுவரெல்லாம் வழுவழுவென்று சளி போலப் படலம். நான் பார்த்தேன், மற்றவர்கள் பார்க்கவும் முகரவும் செய்தார்கள். ஒரு பையன் வாந்தி எடுத்தான். காரம் போட்டுத் தேய்த்து, நீராவி விட்டு வேகவைத்தோம்.

புது முறை: வடிநீரைக் காக்க வைப்பதில்லை. பிழிந்த சூட்டோடு சூடாக அடுத்த கூழுக்கு. தவிர்க்க முடியாமல் நிறுத்தினாலும், நொதி தாங்கும், கிருமி தாங்காது என்கிற சூட்டிலேயே வைத்திருப்பது. சக்கைக் கூழையும் மரக்கூழையும் மாற்றி மாற்றி ஓட்டாமல், சக்கையையே தொடர்ந்து ஓட்ட அனுமதி வேண்டும். ரங்கநாயகத்திடம் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு தடவைக்கு மட்டும் என்றார்.

ஒவ்வொரு ஷிப்டிலும் தொட்டியை யாராவது முகர்ந்து பார்க்க வேண்டும். ருக்மணி, "நான் பாக்கறனுங்க" என்றாள்.

மார்ச் 9

ருக்மணியின் அறிக்கை, காலை: "சுடுதண்ணில வெல்லம் போட்ட மாதிரி." மாலை: "அதேதானுங்க, கொஞ்சம் ஈரத்துணி வாசம்."

ஈரத்துணி என்றதும் சூட்டை ஏற்றச் சொன்னேன். அரை மணி கழித்து ஓடி வந்தாள். "போயிருச்சுங்க மேடம். வெல்லந்தான்."

மத்தியானம் அவள் டிபன் பாக்ஸை என் மேஜைக்குக் கொண்டுவந்து சாப்பிட்டாள். கேட்காமலேயே தன் மாமியாரைப் பற்றி நிறையச் சொன்னாள்.

மார்ச் 14

செங்கல் நிறம்.

நான்காவது சுற்று வடிநீர். குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். முதல் நாள் ஊற்றிய நொதியில் பெரும்பங்கு இன்னும் உயிரோடு வேலை செய்கிறது. குறைகிற கொஞ்சத்துக்கு மட்டும் புதிது சேர்த்தால் போதும். கூழ் வெளுப்பாக வந்தது. குளோரின் வழக்கத்தில் முக்கால் பங்குதான் போனது.

ருக்மணி கூவினாள். நான் கூவவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த மாதிரி ஒன்று நடந்தால் உடனே கூப்பிட்டுச் சொல்கிற எண் ஒன்று இருந்தது. விரல் இன்னும் அதைத் தேடுகிறது.

மார்ச் 22

ரங்கநாயகத்துக்கு முடிவுகளைக் காட்டினேன். அடுத்த சீசனிலிருந்து நிரந்தரமாக வைத்துக்கொள்கிறோம் என்றார். இரண்டு குளோரின் வரிசைகளில் சிறியதை நிறுத்திவிடலாம். மற்றதைப் பிறகு பார்க்கலாம். "இதுக்கு நீங்களே பொறுப்பா வந்துருங்கம்மா. உங்க கம்பெனில நான் பேசறேன்."

அப்போது என் மூக்கைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அடுத்த தடவை என்னை இழுத்து வெளியே போட வருகிறவருக்கும் ஒரு நெஞ்சு இருக்கிறது.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அன்னிக்கு நாச்சிமுத்து உள்ளே இருந்தது உங்களுக்காகத்தானா?" என்றார்.

"ஆமா சார். மறுபடி போனது வால்வுக்காக. மொதல்ல வந்தது எனக்காக."

மாலையில் உத்தரவு வந்தது. நான் வெளுப்புக் கூடத்துக்குள் இனி கால் வைக்கக் கூடாது. என் கம்பெனிக்கும் தெரிவிப்பார்கள். சரியான உத்தரவு. கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 25

பெங்களூரிலிருந்து பேசினார்கள். கோபமாக இல்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது. இனித் தளப் பணி கிடையாது. சீசன் முடிந்ததும் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். இங்கே அடுத்த வருஷத்துக்கு வேறு ஆள். வேண்டுமானால் இந்த ஆலையின் ஆய்வகத்திலேயே வேலை தருவதாக ரங்கநாயகம் சொல்கிறார். யோசிக்க வேண்டும்.

அக்காவைக் கூப்பிட்டேன், நானாக. மூக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப மீன் கொழம்பு எப்படியிருக்குன்னு கேட்டேனட்டி. நல்லாருக்குன்னியே" என்றாள். அழுதாள்.

மார்ச் 30

முதல் வரிசையின் குளோரின் வால்வை இன்று மூடி முத்திரை வைத்தார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். நாச்சிமுத்துவும் அங்கேதான். அவருக்கும் இனி உள்ளே வேலை இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், ஸ்டோர்ஸுக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டு பேரும் கதவுக்கு வெளியே நின்று உள்ளே நடப்பதை ஊகித்துக்கொண்டிருந்தோம்.

ருக்மணி வெளியே வந்து, மூடியாச்சு என்று கையைக் காட்டினாள். நாச்சிமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 4

அரவை முடிந்தது. சர்க்கரை ஆலையின் சங்கு நேற்றோடு நின்றுவிட்டது. இவ்வளவு சத்தம் இருந்தது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

இதை ஈரோடு ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெங்களூர் போய் வீட்டைத் திறந்து, பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்வதாக ரங்கநாயகத்திடம் சொல்லியிருக்கிறேன்.

ஜீப் வேண்டாம் என்று சொல்லி ஆலை வாசலில் பஸ்ஸுக்கு நின்றேன். நாச்சிமுத்து ஸ்டோர்ஸிலிருந்து மெதுவாக நடந்து வந்தார். பெட்டியைத் தூக்க முயன்றார், நான் விடவில்லை. நிழற்குடைக்குள் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவருக்கு மூச்சு சமனாகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். "ருக்மணி சொல்லுச்சுங்க. உங்க வீட்டுக்காரரு பேரு என்னங்க?"

மூன்று வருஷமாக எல்லோரும் எப்படி ஆனது என்று கேட்டார்கள், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள், என்ன வயசு என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை.

"ஜெயபால்" என்றேன்.

சொன்ன பிறகு வாய் நிற்கவில்லை. தபால் துறையில் இருந்தார் என்றேன். தபால்காரர் மகனாக இருந்தும் சைக்கிள் ஓட்டத் தெரியாதவன் என்று தன்னையே கேலி செய்துகொள்வார் என்றேன். சினிமாவுக்குப் போனால் இடைவேளையிலேயே முடிவைச் சொல்லிவிடுவார், முக்கால்வாசி தப்பாக இருக்கும் என்றேன். நாச்சிமுத்து சிரித்து, சிரிப்பு இருமலாகி, கையைக் காட்டி மேலே சொல்லச் சொன்னார்.

ஈரோடு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏறுங்க, ஏறுங்க" என்றார்.

அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.